பாங்காக்கில் ஓதப்படும் திருவெம்பாவை: கடல் கடந்த பூசகர்கள் உண்மையில் என்ன கொண்டுபோனார்கள்?

மீனா_வைகை:
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக பாங்காக் வந்து மூன்று வருடம் ஆகிறது, இந்த ஜனவரியில்தான் தேவஸ்தான் கோயிலுக்குள் போய் உட்கார நேரம் வாய்த்தது. வாட் சுதாத் விகாரைக்கு முன்னால் சிவப்பு நிறத்தில் ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஊஞ்சல் சட்டம் நிற்கும், படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோயில் இது. தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா 1784ல் கட்டியது. சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் தனித்தனிக் கட்டடம். வெள்ளை உடை, கொண்டை முடி, கையில் சங்கு, உடுக்கை போல ஒரு சிறு பறை. இவர்கள்தான் தாய்லாந்து அரசவையின் பிராமணர்கள்.

அங்கே நடந்த விழாவின் பெயர் திரியம்பவாய். அடுத்து வருவது திரிபவாய். பெயரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். சிவன் பத்து நாள் பூமிக்கு இறங்கி வருகிறார், கைலாயத்தின் கதவைத் திறந்துவிட வேண்டும், அதற்காக ஓதுகிறார்கள். அப்படி ஓதுவதில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் போனேன். கைப்பேசியில் பாடலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து நிமிடம் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிறகு எங்கோ ஓரிடத்தில் "ஆதியும் அந்தமும்" போல ஒன்று காதில் விழுந்தது. நிஜமாகவே கேட்டேனா, கேட்க வேண்டும் என்ற ஆசையா, இப்போதும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வீட்டில் சொன்னால், "நம் அந்தணர்கள் அந்தக் காலத்திலேயே கடல் கடந்து போய் பண்பாட்டைப் பரப்பினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை. யார் போனார்கள், யார் கூப்பிட்டார்கள், போனவர்கள் என்ன ஆனார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓதுவார்_பேரன்:
அக்கா, படிக்கும்போதே உடம்பு சிலிர்த்தது. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயிலில் ஓதுவாராக இருந்தவர். மார்கழியில் நாலு மணிக்கு எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு கூட நிற்க வைப்பார். அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் சிவன் கோயில்களிலும் திருவெம்பாவை உற்சவம் பத்து நாள்தான், திருவாதிரையில் முடியும். அங்கேயும் பத்து நாள் என்கிறீர்கள். அந்த ஊஞ்சலும் சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. திருப்பொன்னூசல் பாடியதும் மாணிக்கவாசகர்தானே, அதுவும் அதே திருவாசகத்தில்தானே இருக்கிறது. இது என் ஊகம், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அவர்கள் பண்ணோடு பாடுகிறார்களா, வெறுமனே ஓதுகிறார்களா?

மீனா_வைகை:
ஓதுவதுதான் தம்பி. வேதம் சொல்வது போல ஏற்ற இறக்கம் இருக்கிறது, நாம் பாடுகிற மாதிரி இல்லை. ஊஞ்சலில் இப்போது யாரும் ஆடுவதில்லை, 1935லேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு ஆட்கள் உயரே ஆடிப்போய் கம்பத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். கோயிலுக்குள் நடக்கும் சடங்கு மட்டும் நிற்கவில்லை.

கல்வெட்டு_ராஜா:
மீனா, நல்ல கேள்வி கேட்டீர்கள். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பரப்பினார்கள்" என்ற சொல்லில்தான் எனக்கு முதல் சிக்கல். நம்மிடம் இருக்கும் பழைய சான்றுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போர்னியோத் தீவின் கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவின் கூத்தை. அங்கே ஏழு கல் யூபங்கள், அதாவது வேள்வித் தூண்கள், கிடைத்தன, காலம் கி.பி. 400ஐ ஒட்டி. எழுத்து தென்னிந்தியாவிலிருந்து போனது, மொழி சமஸ்கிருதம். வேள்வி செய்த அரசன் பெயர் மூலவர்மன், அப்பா அஸ்வவர்மன். தாத்தா பெயர் என்ன தெரியுமா? குண்டுங்கா. அது அந்த மண்ணின் பெயர். அதாவது இரண்டு தலைமுறையில் ஒரு உள்ளூர்த் தலைவன் வீடு வர்மன்களாக மாறுகிறது. அந்தத் தூண்களை நட்டவர்கள் அங்கே வந்து சேர்ந்த அந்தணர்கள் என்று கல்வெட்டே சொல்கிறது. மூலவர்மன் அவர்களுக்குப் பசுக்களைத் தானம் கொடுக்கிறான்.

ஒரு சித்திரம் கிடைக்கிறது இல்லையா? படையும் இல்லை, மதம் மாற்றக் கிளம்பிய கூட்டமும் இல்லை. பக்கத்துத் தலைவர்களைவிட ஒரு படி மேலே நிற்க ஆசைப்பட்ட ஒருவனுக்கு அபிஷேகம், வம்சாவளி, வேள்வி எல்லாம் தேவைப்பட்டது, அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் வந்தார்கள். டச்சு ஆய்வாளர் வான் லூர் 1930களில் இதைத்தான் வலியுறுத்தினார்: தென்கிழக்கு ஆசிய அரசர்கள்தான் பிராமணர்களை வரவழைத்தார்கள் என்று. அதற்குப் பிறகு எத்தனையோ கருத்துகள் வந்துவிட்டன, ஆனாலும் கூத்தைத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னதில் பெரும்பங்கு சரி என்றே எனக்குப் படுகிறது.

மீனா, நீங்கள் பாங்காக்கில் இருப்பதால் ஒரு வேலை. தேசிய அருங்காட்சியகத்தில் ஸ்டோக் கொக் தோம் கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

செங்கல்_சிவப்பு:
ராஜா அண்ணா சொல்வதில் முக்கியமான ஆள் விடுபட்டுப் போகிறார், வணிகர். பூசகர் தனியாகப் படகு கட்டிப் போகவில்லை. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றி, அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவுக்கு. சுமத்ராவில் பாருஸ் பக்கம் 1088ல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்த தமிழ்க் கல்வெட்டு. சீனாவில் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ல் சிவன் கோயில், தமிழ்க் கல்வெட்டோடு. எல்லா இடத்திலும் முதலில் தெரிகிற கால் வணிகனுடையது. கற்பூரத்துக்கும் தகரத்துக்கும் போனவர்கள் கூடவே தங்கள் சாமியைக் கொண்டுபோனார்கள், சாமிக்குப் பூசை செய்ய ஆளையும் கொண்டுபோனார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. கம்போடியக் கல்வெட்டுகளில் சமஸ்கிருதப் பகுதி புகழ் பாடும். கீழே இருக்கும் பழைய கெமர் பகுதியில் கோயிலுக்குக் கொடுத்த ஆட்களின் பட்டியல் வரும், பெயர் பெயராக. அவர்களைக் குறிக்கும் சொல் க்ஞும், அடிமை, ஊழியர் என்ற பொருளில். இன்றைய கெமர் மொழியில் "நான்" என்று சொல்ல அதே சொல்தான். பண்பாடு பரவியதைப் பெருமையாகப் பேசும்போது அந்தப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

தெற்குவீதி:
க்ஞும் பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

என் கேள்வி வேறு. கடல் பயணம் செய்தால் அந்தணன் தன் நிலையிலிருந்து விழுந்துவிடுவான் என்று பழைய அறநூலான பௌதாயன தர்மசூத்திரமே சொல்கிறதே. அப்படியிருக்க எப்படி இவ்வளவு பேர் போனார்கள்?

கல்வெட்டு_ராஜா:
செங்கல், வணிகரை நான் மறுக்கவில்லை. ஆனால் மணிக்கிராமத்தார் குளத்தைக் காத்தார்கள், அந்த ஊர் அரசனுக்கு முடிசூட்டவில்லை. சரக்கு வருவதற்கும் சடங்கு வேர் பிடிப்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது, அதை நிரப்பியது அரசவைப் பூசகர். சுவான்சௌ கோயிலையே பாருங்கள். வணிகர் போனதும் கோயில் போயிற்று, இன்று சிற்பங்கள் மட்டும் மிச்சம். பாங்காக்கில் வணிகர் தொடர்பு எப்போதோ அறுந்துவிட்டது, ஓதுவது நிற்கவில்லை. க்ஞும் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

தெற்குவீதி, ஒரு செயலைத் தடை செய்து விதி எழுதுகிறார்கள் என்றால் அதை யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். பௌதாயனர் காலத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களுக்கு ஊரில் மரியாதை குறைந்திருக்கலாம், அதனாலேயே பலர் திரும்பாமல் அங்கேயே தங்கியிருக்கவும் கூடும். தங்கினார்கள், அந்த ஊரிலேயே பெண் எடுத்தார்கள்.

ஈப்போக்காரன்:
இங்கே எல்லோரும் அரசவைப் பிராமணரைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் தோட்டத்துக் கதை சொல்கிறேன். என் பாட்டனார் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் பூசாரி. பகலில் பால்மரம் வெட்டுவார், சாயங்காலம் குளித்துவிட்டு விளக்கு ஏற்றுவார். ஆகமம் படித்தவர் இல்லை, நூல் போட்டவர் இல்லை. ஊரிலிருந்து கப்பலில் வரும்போது பிடி மண் கொண்டுவந்தார்கள் என்று பாட்டி சொல்லுவார். மலாயாவில் எத்தனையோ தோட்டங்களில் இப்படித்தான், பண்டாரங்களும் பூசாரிகளும்தான் சாமியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். பட்டணத்துக் கோயில்களுக்குக் குருக்கள்மார் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தார்கள், அது தனிக் கதை.

பூசகர் என்றால் யார் என்று முதலில் சொல்லுங்கள். என் பாட்டனார் அந்தக் கணக்கில் வருவாரா மாட்டாரா?

ஓதுவார்_பேரன்:
வருவார் ஐயா. கட்டாயம் வருவார். என் தாத்தாவும் கருவறைக்குள் போக முடியாதவர்தான், வெளியே நின்று பாடியவர். திருவெம்பாவை சயாம் வரை போயிருக்கிறது என்றால் அதை வாயால் கொண்டுபோனது யார்? சமஸ்கிருத மந்திரம் மட்டும் தெரிந்தவராக இருக்க முடியாது. தமிழ் ஓதியவர் யாரோ அந்தக் கப்பலில் இருந்திருக்கிறார். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

செங்கல்_சிவப்பு:
இந்தப் பதிவுக்காகவே இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

கல்வெட்டு_ராஜா:
ஆமாம். நானும் அரசவைக்கு வெளியே பார்க்காமல் எழுதிவிட்டேன். ஈப்போ ஐயா, மன்னியுங்கள்.

மீனா_வைகை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ராஜா அண்ணா சொன்னபடி அருங்காட்சியகம் போனேன். அந்தக் கல்லை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். 340 வரிகள், சமஸ்கிருதமும் பழைய கெமரும், 1052ஆம் வருடம். கம்போடிய எல்லையை ஒட்டிய சா கேயோ மாகாணத்துக் கோயிலிலிருந்து வந்தது. ஒரே பூசகர் குடும்பம் இருநூற்றைம்பது வருடம் என்ன செய்தது என்று முழுவதும் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மொழிபெயர்ப்பைப் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

கெமர் அரசன் இரண்டாம் ஜெயவர்மன் 802ல் மகேந்திர மலையில், இன்றைய குலென் மலை, ஒரு சடங்கு செய்கிறான். ஜாவாவின் பிடியிலிருந்து நாடு விடுபட வேண்டும், ஒரே அரசன் இருக்க வேண்டும் என்பதற்காக. சடங்கு தெரிந்த ஹிரண்யதாமர் என்ற பிராமணர் வருகிறார். நான்கு நூல்களை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி எழுத வைத்து, அரசனின் குருவான சிவகைவல்யருக்குக் கற்பிக்கிறார். அதன் பிறகு ஹிரண்யதாமரைப் பற்றிப் பேச்சே இல்லை! கற்றுக்கொடுத்தார், அவ்வளவுதான். அடுத்த இருநூற்றைம்பது வருடம் முழுக்க சிவகைவல்யர் வீட்டுக் கதைதான். அவர்கள் அந்த ஊர் மனிதர்கள்.

இன்னொன்று என்னை அப்படியே நிறுத்திவிட்டது. பதவி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகவில்லை, தாய்வழியில், சகோதரி பிள்ளைகளுக்குப் போகிறது. நம் ஊரில் எந்தக் குருக்கள் வீட்டில் அப்படி நடக்கும்? சடங்கு வெளியிலிருந்து வந்தது, அதைக் காத்த வீடு அந்த மண்ணின் வழக்கப்படியே இருந்திருக்கிறது.

கல்வெட்டு_ராஜா:
தப்பே இல்லை, என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த நான்கு நூல்களில் ஒன்று வீணாசிகம். தும்புரு என்ற சிவ வடிவத்தின் நான்கு முகங்கள் என்று நான்கையும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. வீணாசிகத்தின் சுவடி நேபாளத்தில் கிடைத்து 1985ல் அச்சாகிவிட்டது. ஆகவே கல்வெட்டில் சொன்னது வெறும் கதை இல்லை, அப்படியொரு நூல் உண்மையிலேயே இருந்தது. வேதம் போனது, வேள்வி போனது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறோம். கம்போடியாவுக்குப் போனதில் பெரும்பங்கு சைவ தந்திரம், இது பலருக்குத் தெரிவதில்லை.

கல்வெட்டை எழுதுவித்த சதாசிவரின் கதையும் பாருங்கள். துறவு போல இருந்தவரை முதலாம் சூரியவர்மன் வெளியே அழைத்து, தன் அரசியின் தங்கையை மணமுடித்து வைக்கிறான். போரில் பாழான ஊர்களையும் கோயில்களையும் திரும்பக் கட்டுகிறார். குளம் வெட்டுகிறார், குடியிருப்பு உண்டாக்குகிறார். பூசகர் என்றால் மணியடிக்கிறவர் மட்டும் இல்லை, நிலமும் நீரும் நிர்வாகமும் அவர் கையில்.

தெற்குவீதி:
நான் பாலித்தீவுக்குப் போயிருந்தபோது பார்த்ததைச் சொல்லவா. அங்கே பெதண்டா என்ற பிராமணப் பூசகர் அதிகாலையில் சூரிய சேவனம் செய்கிறார். சிவனைத் தன் உடலுக்குள் வரவழைத்து, நீரைத் தீர்த்தமாக்குகிறார். ஊருக்குள் எந்த நல்லது கெட்டதுக்கும் அந்தத் தீர்த்தம் வேண்டும், அது இல்லாமல் எதுவும் முடியாது. 16ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரார்த்தர் தங்கள் முன்னோர் என்கிறார்கள். ஜாவாவிலிருந்து, இந்தியாவிலிருந்து இல்லை! கொண்டுவந்தவரும் அதற்குள் இன்னொரு மண்ணின் ஆளாகிவிட்டார். கிராமக் கோயிலுக்கோ பெமாங்கு என்று தனிப் பூசகர், பெரும்பாலும் சாதாரணக் குடிமக்கள். ஈப்போ ஐயாவின் பாட்டனார் நினைவுதான் வந்தது.

எனக்கு அங்கே ஒரு சங்கடமும் நேர்ந்தது. கோயில் வாசலில் நின்று, இது எங்கள் ஊரிலிருந்து வந்தது என்று கூட வந்த உள்ளூர்ப் பையனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. இது எங்கள் தாத்தாக்கள் செய்தது என்று அமைதியாகச் சொன்னான். நான் அதற்கு மேல் பேசவில்லை.

ஈப்போக்காரன்:
அந்தப் பையன் சொன்னது சரி. என்னிடம் யாராவது வந்து உங்கள் தோட்டத்து மாரியம்மன் எங்கள் ஊர்ச் சாமி என்றால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். பால்மரம் வெட்டிய கையால் பூசை செய்தவர் என் பாட்டனார்.

செங்கல்_சிவப்பு:
ஆனால் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கம்போடியாவின் பந்தே ஸ்ரீ கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள், 967, யக்ஞவராகர் என்ற பூசகர், அரச வம்சத்தவர், அவர் கட்டியது. அங்கே ஆடும் சிவன் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காண்கிறார்கள். காரைக்காலில் ஒரு வணிகன் வீட்டுப் பெண் எப்படி அங்கோருக்குப் போனாள்? இவ்வளவு விவாதித்தும் எனக்கு இது ஆச்சரியம்தான். முதலில் வணிகன் வணிகன் என்று நான்தான் சண்டை போட்டேன். அம்மையாரின் கதையைக் கொண்டுபோக சரக்குக் கப்பல் மட்டும் போதாது, அவரை மனதில் வைத்துக் கும்பிட்ட ஒருவர் போயிருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

மீனா_வைகை:
தேவஸ்தான் பற்றியும் கொஞ்சம் விசாரித்தேன். பழைய தலைநகர் அயுத்தயா 1767ல் எரிந்தபோது ஏடுகளும் ஆட்களும் போய்விட்டார்கள். முதலாம் ராமா பாங்காக்கில் தலைநகர் அமைத்தபோது தெற்கே நக்கோன் சி தம்மராத் பக்கமிருந்து பிராமணர்களை வரவழைத்தார். அந்த ஊரிலும் சிவன் கோயில், ஊஞ்சல் எல்லாம் உண்டு. அதாவது இரண்டாம் தடவை கொண்டுவந்ததும் உள்ளூர் ஆட்களே.

இப்போது இருப்பவர்கள் தாய் மொழிதான் பேசுகிறார்கள், புத்தரையும் வணங்குகிறார்கள். ஏடு கிரந்தத்திலிருந்து வந்த எழுத்தில் இருந்தது, பிறகு தாய் எழுத்துக்கு மாறியது. பொருள் மறந்துபோய் ஓசை மட்டும் வாய்வழியாக வந்திருக்கிறது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் போன்றவர்கள் வந்து கேட்டு எழுதியதால்தான் நமக்கே இது தமிழ் என்று தெரிந்தது.

இதையெல்லாம் பழைய காலத்து மிச்சம் என்றும் நினைக்க வேண்டாம். 2019 மே மாதம் இப்போதைய மன்னர் முடிசூடியபோது ஒன்பது அடுக்குக் குடையையும் கிரீடத்தையும் எடுத்துக் கொடுத்தவர் தலைமைப் பிராமணர்தான். ஒவ்வொரு மே மாதமும் அரச ஏர்பூட்டு விழா நடக்கிறது, இடையில் நின்றுபோய் 1960ல் திரும்ப ஆரம்பித்தார்கள். எருதுகளுக்கு முன்னால் நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், மது என்று ஏழு வைப்பார்கள். எதைத் தின்கிறதோ அதை வைத்து அந்த வருட விளைச்சலைச் சொல்வார்கள். விழா முடிந்ததும் விதைத்த நெல்லைப் பொறுக்க விவசாயிகள் மைதானத்துக்குள் ஓடுவார்கள். போன வருடம் நானும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு அம்மா மண்ணோடு நாலைந்து மணியைச் சேலை முந்தானையில் முடிவது போலக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நட்டால் விளையும் என்றார்.

ஓதுவார்_பேரன்:
அக்கா, அடுத்த திரியம்பவாய் எப்போது? வரலாம் என்று நினைக்கிறேன். தாத்தா குரலில் திருவெம்பாவை இருபது பாட்டும் ஒரு பழைய கேசட்டில் இருக்கிறது, அதைக் கைப்பேசிக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்ட முடியுமா? அவர்களைத் திருத்துவதற்காக இல்லை. அவர்கள் ஓசை எப்படிப் போகிறது, எங்கள் வீட்டு ஓசை எப்படிப் போகிறது, பக்கத்தில் வைத்துக் கேட்க ஆசை.

மீனா_வைகை:
தாய் நாட்காட்டியில் இரண்டாம் மாதம், வளர்பிறையில் தொடங்கும், பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும். முன்பெல்லாம் முதல் மாதத்திலேயே நடந்ததாம், கிட்டத்தட்ட நம் மார்கழி. தேதி தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன். கேசட்டைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். நீ வெள்ளை வேட்டி மட்டும் எடுத்துக்கொண்டு வா, தங்க எங்கள் வீடு இருக்கிறது.

ஈப்போக்காரன்:
தேதி போட்டால் நானும் ரயிலில் வந்துவிடுகிறேன்.